வேரைப் பார்த்து எடுத்த குட்டி

அனோனே ஊரில் மிரெய் ஷசோவின் முடிதிருத்தும் கடைக்கு முப்பத்தோரு வயது. எந்தத் தலையைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வேருக்குத்தான் போகும். மேலே என்ன சாயம் பூசியிருந்தாலும் அடியில் இருப்பது அவளிடம் மறையாது.

அவளுக்கு வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு டாய் பூடில், சுருட்டை முடிக் குட்டை நாய், வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கேட்ட இடமெல்லாம் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில், ஓய்வு பெற்ற தபால்காரர் ஃபெர்னான் தெய்காவின் கறுப்புப் பூடில் மூன்று குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். தகப்பன் சாம்பல் நிற நாய். குட்டிகள் மூன்றும் கரிக்கட்டைகள்.

"அம்மாவையே உரிச்சு வெச்சிருக்கு. இந்தப் பெருசை எடுத்துக்குங்க மேடம், என்னா மினுமினுப்பு பாருங்க!" என்றார் ஃபெர்னான். அவர் வீட்டில் நாய் குட்டி போடுவது இதுதான் முதல் தடவை.

மிரெய் ஒவ்வொரு குட்டியையும் மடியில் போட்டு, விரல் இடுக்கையும் கன்னத்து முடியையும் விலக்கி விலக்கிப் பார்த்தாள். மூலையில் கிடந்த சின்னப் பெட்டைக்குட்டியின் கன்னத்தில், தோலை ஒட்டி, ஊசி முனை அளவுக்கு வெளுப்பு.

"இதுதான் எனக்கு. வெள்ளிக் குட்டியும் பிறக்கறப்ப கறுப்புதான். இது வெள்ளியாகும்."

"கறுப்பு கறுப்புதாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது."

உர்சுல் என்று பெயர் வைத்தாள். ஐந்தாம் மாதம் முகமும் பாதமும் வெளுத்தன; உடம்பு அப்படியே இருந்தது. கடையில் கூட வேலை செய்யும் தங்கை ஜிஸ்லேன் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா, மாவு டப்பாவுக்குள்ள தலைய விட்டுடுச்சா?"

பத்தாம் மாதம் இன்னும் மோசம். முதுகெல்லாம் துருப்பிடித்த தகரம் போலச் செம்பட்டைத் திட்டுகள். சனிக்கிழமைச் சந்தையில் ஃபெர்னான் பார்த்துவிட்டு, நாலு பேர் எதிரிலேயே, "ஐயோ பாவம்! மேடம், கொண்டாந்து விட்டுடுங்க, வேற குட்டி தரேன்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது. தான் ஏமாந்துவிட்டோமோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

நேரே கடைக்கு வந்தாள். உர்சுலை நாற்காலியில் நிறுத்தி, மெஷினை எடுத்தாள்.

"அக்கா, வேணாம்! குளிருல மொட்டையாக்கப் போறியா?"

"சட்டை போட்டுக்கலாம். நீ தள்ளு."

கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. செம்பட்டை முடி கொத்தாக விழ, அதன் அடியில் ஒரு கோடு பளபளத்தது. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. சாயம் ஊறிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் தலையில் பிளாஸ்டிக் உறையோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். முழுவதும் வழித்து முடித்தபோது நாற்காலியில் நின்றது வேறு நாய்: தலை முதல் வால் வரை பாதரசம்.

ஜிஸ்லேன் குனிந்து உர்சுலின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உன் கண்ணுல கொள்ளிய வைக்க" என்று சொல்லி அக்காளைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில், முடி மறுபடி வளர்ந்த உர்சுலை வாலான்ஸ் நகரில் நடந்த நாய்க் கூட்டத்துக்கு, இனச் சான்றுக்காகக் கொண்டுபோனாள். குட்டியாக இருந்தபோது பதிந்த காகிதத்தில் "கறுப்பு" என்றிருந்தது. நடுவரம்மாள் காகிதத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வெயிலில் நடத்திக் காட்டச் சொன்னார். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டுச் "சாம்பல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சுத்தமான நிறம். எங்க கிடைச்சுது?"

தன் கறுப்புப் பெருசோடு வரிசையில் நின்ற ஃபெர்னான் தொப்பியைக் கழற்றினார். "எங்க வீட்டுலதாங்க. நான்தான் குருடனா இருந்துட்டேன்."

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் யாரோ ஒருவர், "அடேயப்பா, என்னா நிறம்!" என்றார். மிரெய்க்குப் போகவே மனசில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.