முன்னால் போன பை

தில்லியிலிருந்து சென்னை ஆகாய வழியில் ஆயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர். விமானத்துக்கு மூன்று மணி நேரம்கூடப் பிடிக்காது. வீட்டில் என்னைப் போல் ஒருவன் இருந்தால் வாசற்படி தாண்டத்தான் நேரம் பிடிக்கும்.

என் மனைவி நாற்பத்திரண்டு வயதில் ஆசிரியர் தேர்வில் தேறியிருந்தாள். கல்யாணத்துக்காக விட்ட வேலை அது. இரண்டு வருஷம் அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். வேலை கிடைத்தால் அவள் சென்னையில், நான் ஓய்வு பெறும்வரை தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில். நடுவில் மூன்று மணி நேரம்தானே என்றாள். மறுநாள் காலை அங்கே அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும்.

புதன்கிழமை, மூன்றேகால் மணி விமானம். பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினால் நட்ட நடு ராகு காலம். எனக்கு மனசு கேட்கவில்லை. சான்றிதழ்கள் இருந்த பையை ஒன்பதரை மணி நல்ல நேரத்திலேயே எதிர்வீட்டில் பரஸ்தானம் வைத்தேன். பை முன்னால் போய்விட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள்; எழுபதை நெருங்குகிறவர். மகனுக்கு விமான நிலையத்தில் வேலை. என் ஓட்டை இந்தியில் விஷயத்தை விளக்கினேன். அச்சா என்று இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பார்த்தால் எதிர்வீட்டில் பூட்டு. போன் செய்தேன்; மணி பூட்டிய கதவுக்குள் அடித்தது. மகன் எடுக்கவில்லை. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். நான் பேந்தப் பேந்த விழித்தேன். மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் போறேங்க. ஆளாவது நேரத்துக்குப் போய் நிக்கட்டும். பை கிடைச்சதும் அடுத்த பிளேன்ல எடுத்துட்டு வாங்க" என்றாள். விமான நிலையம்வரை கொண்டுவிடுகிறேன், அங்கேயே அந்த மகனையும் பிடித்துக் கேட்கலாம் என்று நானும் டாக்ஸியில் ஏறினேன். வழி முழுக்க அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஒன்றேகால் மணிக்குப் புறப்பாட்டு வாசலில் டாக்ஸி நின்றது. வெளியே வரிசையாக இருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் எதிர்வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் பை.

பை முன்னால் போக வேண்டும் என்று நான்தானே சொன்னேனாம். நாலு அடி தள்ளி எதிர்வீட்டில் வைத்தால் அது என்ன பயணம்? மகன் டியூட்டிக்குக் கிளம்பினானாம். அதே காரில் பையோடு வந்துவிட்டாராம். அவசரத்தில் போனை மறந்துவிட்டார். பத்தரை மணியிலிருந்து அங்கேயே இருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. எங்கள் சம்பிரதாயத்தை என்னைவிட ஒழுங்காகச் செய்தவர் அவர்தான்.

"ஜா பேட்டி", போ மகளே என்று பையை மனைவியிடம் கொடுத்தார். அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு என்றேன்.

"இத்னா ஹி?" அவ்வளவுதானா என்று வியந்தபடி, மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவர் அந்தப் பையை மடியில் வைத்திருந்ததும் அவ்வளவு நேரம்தான்.