கண்ணிவெடிக் கப்பலுக்குள் யார் தட்டியது?

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், கேம்ப்பில் எவனைக் கேட்டாலும் சொல்வான், அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஆனால் இது ஷார்ஜாவில் பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

கப்பல் உடைக்கிற யார்டில் நான் கேஸ் கட்டர், கேஸ் தீயால் இரும்புத் தகட்டை அறுக்கிற வேலை. ஒருநாள் பழைய சின்னக் கப்பல் ஒன்று வந்தது. உலகப்போரில் கடலில் போட்டிருந்த கண்ணிவெடிகளை வாரி அப்புறப்படுத்தக் கட்டியதாம், இதே மாதிரி ஏகப்பட்டது கட்டினார்களாம், பிறகு சரக்கு ஏற்றி, துருப்பிடித்து, கடைசியில் எங்களிடம் வந்துவிட்டது. வெடியைத் தேடிப் போன கப்பல் இத்தனை காலம் முழுசாகத் தப்பியதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. தகட்டை அறுக்கும் முன் வெளியிலிருந்து சுத்தியலால் இரண்டு தட்டு தட்டவேண்டும். பின்னால் ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவான், அறுக்கக் கூடாது. சத்தமில்லை என்றால் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கலாம். உள்ளே எண்ணெய்க் கசடு கிடக்கும், பொறி விழுந்தால் நிற்பவன் கரிக்கட்டைதான்.

மதிய பிரேக் முடிந்து வந்து தட்டினேன். உள்ளிருந்து ஒரு தட்டு. சரி என்று காத்திருந்து மறுபடி தட்டினேன், மறுபடியும் ஒன்று. எனக்கு உடனே என் ஜோடி சுடலைமுத்து மேல்தான் சந்தேகம். ஊர்க் கோயில் கொடைக்குப் போக எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று போனவன் உள்ளே நுழைந்து என் வேலையைக் கெடுக்கிறான் என்றே நினைத்தேன். பட்டான் ஃபோர்மேன் வேறு, "அந்தர் கோயி நஹீ! யல்லா, ஜல்தி!" என்று கத்துகிறான். உள்ளே யாரும் இல்லையாம், சீக்கிரம் அறுக்கணுமாம்!

கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று சுத்தியலையும் டார்ச்சையும் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கினேன். ஆத்திரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. போன் வெளிச்சத்தில் தேடினால் ஒரு ஈ காக்கை இல்லை. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருந்த குறுகலான அறையில், அந்தத் தகட்டிலேயே தோளைச் சாய்த்து மூச்சு வாங்கினேன். நம்பினால் நம்புங்கள், அங்கே ஒரு சத்தமும் இல்லை, யார்டு கிரேன் சத்தம்கூட.

வெளியே வந்தால் சுடலை கையில் என் டார்ச், இன்னொரு கையில் சுத்தியல், முகமெல்லாம் வியர்வை.

"உள்ள போனா சொல்லிட்டுப் போவ மாட்டியளா அண்ணாச்சி? எத்தன வாட்டி தட்டுதேன், நீங்களும் பதிலுக்குத் தட்டிக்கிட்டே இருக்கிய! ஃபோர்மேன் அது பைப் சத்தம், அறுன்னு நிக்கான். ஒரு தட்டு விழாம இருந்தா உங்கள எரிச்சிருப்பேன்லா!"

"நான் எங்கல தட்டுனேன்? சுத்தியல் ஒன் கையிலல்லா இருக்கு!"

அவன் என்னையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அப்போதும் நான் நம்பவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். லீவுக்காக என்னைக் கொளுத்தப் பார்த்து, மனசு வராமல் கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளிப்பக்கம் அவன் அடித்த இடமெல்லாம் பெயின்ட் உதிர்ந்து கிடந்தது. ஃபோர்மேனும் சத்தம் கேட்டது என்றான். ஒரு சாண் தள்ளி நின்ற என் காதில் ஒரு அடிகூட விழவில்லையே, அது எப்படி?

லீவை சுடலைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன். உயிர் இருந்தால் அடுத்த கொடைக்குப் போய்க்கொள்ளலாம்.

மறுநாள் வேறு ஆட்கள் அந்தத் தகட்டை அறுத்து இறக்கினார்கள். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் தோள் சாய்த்த இடத்தில் துரு துடைபட்டிருந்தது. அதை ஒட்டினாற்போல், துருவுக்கு நடுவே, சுத்தியலால் அடித்தது போல் புதுசாக மின்னுகிற தடங்கள் இருந்தன. அந்த அறையில் என்னைத் தவிர இன்னொரு ஆள் நிற்க இடமே கிடையாது.