அவசரத்துக்கு ஓர் எண்

மகனைச் சேர்க்கவிருந்த பாலர் பள்ளியின் விண்ணப்பத்தில், அவசரத்துக்கு வந்து குழந்தையை அழைத்துப்போகக்கூடிய ஒருவரின் கைபேசி எண்ணைக் கேட்டிருந்தார்கள். பெற்றோராக இருக்கக் கூடாது. பக்கத்தில் வசிக்க வேண்டும். மறுநாள் கடைசி நாள்.

டெல்லியின் துவாரகா பகுதிக்கு வந்து மூன்று வருடங்கள். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. பொங்கலுக்குக் கூடுவோம், படம் எடுத்துக்கொள்வோம். எதிர் டவர் அக்காவுக்கு எழுதிய செய்தியை நான்கு முறை அழித்தேன். கேட்டால், இவளுக்கு வேறு ஆளே இல்லையா என்று நினைப்பாரோ? இல்லை என்பதுதானே உண்மை.

விமான நிலைய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், "யார் பேரையாவது போடேன், ஒரு ஃபார்ம்தான?" என்றார். யார் பேரை என்று கேட்டேன். ஷூ லேஸைக் கட்டி முடிக்கும்வரை யோசித்தார். அவருக்கும் யாரும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும். துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாம் முறை மணி அடித்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நான்கு வீடுகளில் வேலை செய்கிறவள். இந்தியில்தான் பேசுவாள்.

"லேண்ட்லைன் நம்பரா தீதி? எடுங்க. என் பொண்ணு ஸ்கூலா இருக்கும்."

எடுத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி எடுக்கிறாள், உடனே வாருங்கள் என்றார் ஒரு ஆசிரியை. நீங்கள் அவளுடைய மௌசிதானே என்றும் கேட்டார். மௌசி என்றால் சித்தி. ஆமாம் என்றேன்.

அவள் ஈரத் துணியைப் பிடித்தபடியே நின்றாள். "யார் நம்பராவது வேணும்னாங்க தீதி. எங்க சந்துல பத்து ரூம். பகல்ல பத்துலயும் பூட்டு. என் போன் மத்தியானத்துக்குள்ள செத்துடும். அதான், உங்ககிட்ட சொல்லாமலே குடுத்துட்டேன்."

கைபேசியில் பழைய அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன், அதே எண், இரண்டு முறை. அன்றுதான் அவள் மகள் காய்ச்சலோடு பள்ளி முடியும்வரை வராந்தாவில் கிடந்தாள். ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று மறுநாள் இவள் குமுறியபோது, என்ன ஸ்கூலோ என்று நானும் சேர்ந்து திட்டியிருந்தேன்.

அவள் வேலைக்காரர்களுக்கான லிஃப்டை நோக்கி ஓடினாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் லிஃப்டை அழுத்தி, "இதுல வா" என்றேன். தயங்கி ஏறினாள்.

இறங்கும்போது சொன்னேன். "அன்னிக்கும் கூப்பிட்டிருக்காங்க. நான்தான் கட் பண்ணிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாறிக்கொண்டிருந்த மாடி எண்களையே பார்த்தாள். பள்ளிக்குள் எனக்கு முன்னால் ஓடினாள்.

அங்கே மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டபின் கேட்டாள். "இனிமே எடுப்பீங்களா, தீதி?"

எடுப்பேன் என்றேன். என் விண்ணப்பத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. அதில் போட அவள் எண்ணைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.