புயலுக்குப் பிறகு முதல் பஸ்

ஸ்பைஸ் கார்டன்ல கைட் வேலைன்னா வாயும் மூக்கும் ஒரே நேரத்துல வேலை செய்யணும்; ரோட்டுல வேன் சத்தம் கேட்டா காலும் சேர்ந்துக்கும். இதே தொழில்ல காலம் தள்ளுற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

புயல்ல மலை சரிஞ்சு ரோடு அறுந்ததுல இருந்து எங்க மாத்தளைப் பக்கம் ஒரு டூரிஸ்ட் தலை தெரியலை. முதலாளி ஜமால் நானா கறாராச் சொல்லிட்டாரு: தைப்பொங்கலுக்குள்ள ஆள் வரலைன்னா கேட்டைப் பூட்டிட்டு, கொழும்புல மகள் வீட்டோட போயிடுவாராம். வேலைக்கு நாங்க ஆறு பேர், எல்லாருக்கும் பிள்ளை குட்டி.

வந்துட்டாங்க!

ரோடு திறந்த மூணாம் நாள் ஒரு வெள்ளை ஜீப் உள்ள திரும்பிச்சு. ஐயோ, அப்ப எங்களைப் பார்த்திருக்கணும்! ராணி அக்கா தேத்தண்ணிக்கு ஓடுறா, நான் கறுவாப்பட்டையைத் தூக்கிட்டு ஓடுறேன், மசாஜ் பண்ற சிவா அண்ணன் எண்ணெய்ப் போத்தலோட பாய்றாரு. இறங்கினவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரைக் கதிரையில உட்கார வச்சு, உச்சந்தலையில எண்ணெயும் வச்சாச்சு.

மனுசன் பத்து நிமிசம் கண்ணை மூடிட்டு இருந்தாரு. அப்புறம்தான் மெதுவா பைலை எடுத்தாரு. பின்பக்கத்து மேட்டுல விழுந்த வெடிப்பைப் பார்க்க வந்த மண்சரிவு ஆபிசராம்! பிறகு பார்த்துட்டு பயமில்லைன்னு சொல்லிட்டுத்தான் போனாரு, அது வேற விசயம். ஆனா அந்த நேரம் எனக்கு வெட்கத்துல மூஞ்சியை எங்க வைக்கிறதுன்னே தெரியலை. அவர் என்னைச் சிங்களத்துல தங்கச்சின்னு கூப்பிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "வெடிப்பு எங்கயும் ஓடாது நங்கி, கழுத்தையும் கொஞ்சம் பிடிச்சு விடச் சொல்லுங்க."

எதிர்க் கேட்டுக்காரர்

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கார்டன் சோமபால மாத்தயான்னு ஒரு சிங்கள ஐயாவோடது. ஒரு வேனைக் கண்டா போதும், அவர் ஆளுங்களும் நாங்களும் நடு ரோட்டுல நின்னு மறிச்சு, கையைக் காட்டி, கத்திக் குழறி ஒரே கலாட்டாதான்.

அவரு ஒருநாள் காலையில தள்ளுவண்டியில பத்து ஏலக்காய்க் கன்றோட எங்க கேட்டுல நிக்கிறாரு! எங்க ஏலக்காய்ப் பாத்தி முழுக்க சேத்துக்குள்ள போயிடுச்சுன்னு கேள்விப்பட்டாராம். அவரு என் மூஞ்சியையே பார்க்காம சொன்னாரு: "ரெண்டு கேட்டும் திறந்திருந்தாத்தான் பஸ்காரன் இங்க பிரேக் போடுவான், பஸ் நின்ன பிறகு பழையபடி சண்டை போடுவோம்."

மனப்பாடம்

பொங்கலுக்கு ரெண்டே நாள். ஜமால் நானா பூட்டும் சாவியுமா நடமாட ஆரம்பிச்சுட்டாரு. அப்பத்தான் ஹோர்ன் அடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு ஒரு பஸ், நிறைய ஆளோட!

சந்தோசத்துல தலைகால் புரியாம, கறிமிளகு இலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வெல்கம் லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்!"னு ஆரம்பிச்சு இங்கிலீசுல பொரிஞ்சு தள்ளினேன். இலையைக் கசக்கி நீட்டி, என்னன்னு கண்டுபிடிங்கன்னும் இங்கிலீசுலயே கேட்டேன். முன்னால நின்ன அம்மா சொல்றாங்க: "அது மிளகு தங்கச்சி, எங்க வேலி முழுக்க ஏறிக் கிடக்கு. நாங்க கலேவெல விவசாயிங்க, தமிழ்லயே சொல்லும்மா."

சிரிப்புன்னா சிரிப்பு! அவங்க சங்கத்துல இந்த வருசம் கடற்கரைக்குப் போகாம, புயல்ல அடிபட்ட நம்ம மாவட்டத்துலயே சுத்திப் பார்த்து நம்ம கடைகள்லயே வாங்குறதுன்னு முடிவாம். தமிழ்லயும் சிங்களத்துலயும் மாத்தி மாத்திப் பேசி என் வாய் வலிச்சிருச்சு. மிளகுக் கொடி ஏன் அழுகுது, ஜாதிக்காய் ஏன் பிஞ்சுல உதிருதுன்னு, வெள்ளைக்காரங்க ஒருநாளும் கேட்காத கேள்வியாக் கேட்டாங்க. பை பையா வாங்கினாங்க. போகும்போது, அடுத்த கிழமை பக்கத்து ஊர்ச் சங்கமும் வருதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன்.

பஸ் போனதும் ஜமால் நானா கிட்ட வந்தாரு. சாவியை என் கையில வச்சு அழுத்தினாரு: "பொங்கலுக்கு லீவு கேட்காத மகள், கேட்டை நீதான் திறக்கணும்."

இத்தனை வருசமா வெள்ளைக்காரங்க வருவாங்கன்னு வெயில்ல நின்னு கையைக் காட்டினோமே, பக்கத்துல இருக்கிற கலேவெலக்காரங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கும் தோணலை பாருங்க!