சந்தனம் பூசிய சிலிண்டர்

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். யாரோ ஒருவருடைய டிப்போவில் சிலிண்டர் உருட்டிப் பிழைத்தவன், இன்று சித்தூர் முதல் திருப்பதி வரை ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என் டிப்போவிலிருந்தே காஸ் அனுப்புகிறேன். அதைக் குறை சொன்ன வாய் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு, தசரா விடுமுறை முடிந்த காலையில் மருமகளிடமிருந்து போன்.

"மாமா, உங்க நைட்ரஜன்ல காத்து கலந்துகினு கீதாம். எங்க சாரு சொல்றாரு. என் படிகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறாள். இரும்பு சேர்ந்த ஒரு புரதத்தை, காற்றுப் புகாத பெட்டிக்குள், குழிகுழியான தட்டில், எண்ணெய்க்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் படிகமாக வளர்க்கிறாள். ஆக்ஸிஜன் பட்டால் அதன் பழுப்பு நிறம் போய்விடும், பிறகு குப்பைதான். அதற்காகத்தான் பெட்டிக்குள் என் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அவளுடைய பட்டமே அந்தப் படிகத்தில் இருந்தது.

காரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். காஸ் அழுத்தத்தில் எப்போதும் விறைத்து நிற்கும் பெட்டியின் ரப்பர்க் கையுறைகள் துவண்டு தொங்கின. அவள் சொன்ன அந்த சார், துறைத் தலைவர், என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மட்டமான சரக்கு" என்றார் தெலுங்கில்.

"எது மட்டம்? என் சரக்கா?" என்று நானும் தெலுங்கிலேயே எகிறினேன்.

மருமகள் சிலிண்டர் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். "சார், ஆயுத பூஜைக்கு இதுக்கு சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான். எல்லா மெஷினையும் நிறுத்தி ஓய்வு கொடுத்துத்தானே பூஜை போடுவோம்?"

வால்வின் கைப்பிடியிலிருந்து கழுத்து வரை பூசிய சந்தனம் விரிசலில்லாமல் காய்ந்திருந்தது. பூஜைக்காக மூடிய வால்வை அதற்குப் பின் யாரும் திறக்கவே இல்லை.

என் டிப்போவிலும் அன்று லாரி ஓடாது. அதற்காக மூச்சு விடுகிற பெட்டியின் கழுத்தையா நெரிப்பார்கள்? "மட்டம்னு சொன்ன அதே வாயால இப்ப சொல்லுங்க" என்று கத்தினேன்.

மருமகள் வால்வைத் திருகினாள். சந்தனம் உதிர்ந்தது, கையுறைகள் மெல்ல எழுந்தன. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"மாமா, கொஞ்சம் கம்னு இருங்க. ஒரு குழியில எண்ணெ தடிப்பா ஊத்தியிருந்தேன். அதுல ஒன்னு பழுப்பாவே கீது."

அவள் கை நடுங்கக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். முடி போன்ற ஒரு வளையத்தில் அதை அள்ளி, கெடாமல் உறையவைக்கத் திரவ நைட்ரஜனில் இறக்கினாள். அதுவும் என் சரக்குதான். தலைவர் எனக்கு காபி வாங்கிக் கொடுத்தார். சொன்ன சொல்லை மட்டும் இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.