கடல் எந்த மாகாணம்?

ரங்கூனுக்கு ஐகோர்ட்டு வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் கோர்ட்டு வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மேஜை, ஒரு பழைய டைப்ரைட்டர், மழைக்கு ஒரு பெரிய குடை. இவ்வளவுதான் என் ஆபீஸ். ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவே இல்லை. எந்த வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகும் என்று சின்ன வக்கீல்களே என்னைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிவேன்.

ஒரு நாள் காலையில் போட்டாதாங்கிலிருந்து ஒரு பெண் கடிதமும் கையுமாக வந்தாள். அவள் புருஷன் அங்கே துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவன். பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து வலது தோளில் விழுந்ததிலிருந்து அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மூட்டை வேலை போகவே, சரக்கு ஏற்ற வந்த ஓர் அமெரிக்கக் கப்பலில் சமையல் ஆளாகச் சேர்ந்து போய்விட்டான். நடுக்கடலில் கப்பல் அதிகாரி ஒருவரை யாரோ பின்னாலிருந்து இரும்புத் தடியால் மண்டையில் அடித்திருக்கிறார்கள். பழி இவன் மேல் விழுந்தது. கப்பல் சான்பிரான்சிஸ்கோ சேர்ந்ததும் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஆறடி ஆளை எப்படி மண்டையில் அடிப்பேன் என்று கேட்டானாம். கை கெட்டதே அந்தச் சண்டையில்தான் என்று பதில் வந்ததாம். ஜெயிலில் கூட இருந்த பஞ்சாபிக்காரர் ஒருவர் இதையெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் எழுதிக்கொடுத்திருந்தார். ரங்கூனிலேயே அடிபட்ட கை என்று ஆஸ்பத்திரி அத்தாட்சி வந்தால் தப்பிப்பேன், மூன்று மாதத்தில் வழக்கு வருகிறது என்று கடிதம் முடிந்திருந்தது. அது வந்து சேரவே ஒன்றரை மாதம் போயிருந்தது.

“ஐயா, அந்தக் கையால தலகூட சீவ ஏலாது. நாந்தான் சீவிவிடுவேன்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய பதிவேட்டைத் தேடவைத்து, டாக்டர் கையெழுத்தோடு அத்தாட்சி வாங்கினேன். மனுவும் அடித்தாயிற்று. யாருக்கு அனுப்புவது? கைதிக்கே அனுப்பலாம்தான். ஆனால் கைதி கையில் கொடுத்த காகிதம் நீதிபதி மேஜைக்குப் போய்ச் சேராது என்பது எனக்கு நம் ஊர் கோர்ட்டுகள் கற்றுக்கொடுத்த பாடம். நம்மிடம் இருப்பது ஒரே ஏணி. டவுன்ஷிப் கோர்ட்டு, அதற்கு மேல் ஜில்லா கோர்ட்டு, அதற்கு மேல் ஐகோர்ட்டு, எல்லாவற்றுக்கும் மேலே லண்டன். எந்த வழக்கானாலும் அதே ஏணிதான். கீழ்ப்படியில் நின்று காலத்தைக் கடத்தாமல் மேலேயே தட்டிவிட வேண்டும் என்பது என் தொழில் ரகசியம். சான்பிரான்சிஸ்கோ இருப்பது கலிபோர்னியா மாகாணத்தில் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாகாணத்துப் பெரிய கோர்ட்டின் தலைமை நீதிபதிக்கே விலாசம் எழுதி, கப்பல் புறப்படும் நாள் காலையில் ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டேன்.

அந்தப் பெருமையோடு தேநீர்க்கடைக்குப் போனேன். அமெரிக்கக் கான்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பர்மியர் அங்கே வழக்கமாக வருவார். பர்மியத்தில் அண்ணன் என்பதற்கு ‘அக்கோ’ என்பார்கள்; நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். உங்கள் துரையின் தேசத்துக்கே மனு போட்டுவிட்டேன் அக்கோ என்று அளக்க ஆரம்பித்தேன். அவர் முழுக்கதையும் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அடி விழுந்தது நடுக்கடல்ல. கடல் எந்த மாகாணம், தம்பி?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அமெரிக்காவில் ஏணி ஒன்றல்லவாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் கீழிருந்து மேல்வரை சொந்தக் கோர்ட்டுகள் இருக்கின்றன. ஊருக்குள் நடக்கும் அடிதடி, திருட்டு, நிலத்தகராறு எல்லாம் அங்கே போகும். அதற்குப் பக்கத்திலேயே மத்திய சர்க்காருக்குத் தனி ஏணி. கீழே அவர்களுடைய ஜில்லா கோர்ட்டு, அதற்கு மேல் சில மாகாணங்களுக்குச் சேர்த்து ஓர் அப்பீல் கோர்ட்டு, உச்சியில் வாஷிங்டன். மத்திய சர்க்கார் சட்டத்தை மீறினாலோ, ஒரு மாகாணம் இன்னொன்றோடு சண்டை போட்டாலோ, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் நடுக்கடலில் குற்றம் நடந்தாலோ இந்த ஏணிக்குத்தான் போக வேண்டும். மாகாண நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அதில் கைவைக்க முடியாது. நான் தட்டியது தப்பான வீட்டுக் கதவை. அதுவும் கான்சல் சாட்சிக் கையெழுத்துக்கூட இல்லாமல்.

தபாலாபீஸுக்கு ஓடினேன். கட்டிவிட்ட பையைப் பிரிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அடுத்த கப்பலில் அனுப்பினால் வழக்கு நாளுக்குள் போய்ச் சேராது. என் வாய்ச்சவடாலால் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

பின்னாலேயே அக்கோ வந்தார். கப்பல் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ, இன்னோர் அத்தாட்சி வாங்கு, நான் கான்சல் துரையைப் பிடித்து வைக்கிறேன் என்றார். ரிக்ஷாவில் பறந்தேன். முந்தின நாள் பார்த்த டாக்டர் எரிச்சலோடுதான் மறுபடி எழுதினார், ஆனால் எழுதினார். மனுவின் நகல் என்னிடம் இருந்தது. கான்சல் ஆபீஸில் அக்கோ சரியான விலாசத்தைத் தானே டைப் அடித்து வைத்திருந்தார். துரை வீட்டுக்குக் கிளம்பித் தொப்பியோடு நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கடைசி நேரக் கடிதங்களைக் கூடுதல் தபால்தலை ஒட்டிக் கப்பலடியிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அப்போது இருந்தது. நான் கடிதத்தைப் பெட்டியில் போட்டபோது கப்பலின் ஏணிப்படியை எடுக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். ஒரே கப்பலில் என் தப்பும் போயிற்று, அதன் திருத்தமும் போயிற்று.

அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாரா வாரம் வந்து, பதில் வந்துச்சா ஐயா என்று கேட்பாள். வரும் என்பேன். அவள் போன பிறகு ஒரு மனுகூட ஒழுங்காக அடிக்க வராது.

முதலில் வந்தது என் பழைய உறைதான். இந்த வழக்கு எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, ஐக்கிய அமெரிக்க நாட்டு ஜில்லா கோர்ட்டை அணுகவும் என்று இரண்டு வரி மரியாதையாக எழுதித் திருப்பியிருந்தார்கள். அது என் கைக்கு வந்தபோது வழக்கு நாள் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. மற்ற கடிதம் போய்ச் சேர்ந்ததா, கடலில் போயிற்றா என்று தெரியாமல் பத்து நாள் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் அவள் கோர்ட்டு வாசலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அத்தாட்சி வழக்குக்கு நான்கு நாள் முன்னால் கிடைத்ததாம். சர்க்கார் வக்கீலே அதைப் படித்துவிட்டு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டாராம். வேறொரு கப்பலில் ஊர் திரும்புகிறேன் என்று புருஷன் எழுதியிருந்தான். மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்று எதிர்ப்பட்ட எல்லாரிடமும் காரணமில்லாமல் சிரித்தேன்.

அவன் வந்து சேர்ந்ததும் இருவரும் என்னைக் கும்பிட வந்தார்கள். கும்பிட விடாமல் தடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்த நாலு மாசமும் செத்துச் செத்துப் பொழச்சிருப்பேன். சொல்லாம இருந்தது நல்லது” என்றாள். பிறகு, “ஆனா ஐயா, இனிமே கேட்டுட்டு எழுதுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் மனு எழுதினேன். தெரியாததைத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை, ஏனென்றால் தேநீர்க்கடையில் ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போகாததால்தான் இன்னொரு மனிதன் வீடு வந்து சேர்ந்தான்.