கடலுக்குப் போகிற வழியில் ஒரு கடை

ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் பீடியும் கலந்த வாடை எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் அந்த வாடையைப் புட்டியில் அடைத்து வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள்.

செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயிலோடு கூடவே ஓடி வடை விற்றவர் என் அப்பா. எழுபதுகளில் ஒரு வருஷம் முழங்கால் ஓட மறுத்துவிட, இருந்த வீட்டையும் காலி செய்து, கையிலிருந்ததை எல்லாம் போட்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பெட்டிக்கடை வைக்க இடம் தேடினார். கடை படுத்தால் திரும்பிப் போக எங்களுக்கு இடமில்லை. "சனம் எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் கடை" என்பது அவருடைய பிளாட்பார சாஸ்திரம். விடிகாலையில் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் நடந்துபோன மணல்தடத்தின் ஓரம், ஏனோ ஒருவரும் குடிசைகூடப் போடாமல் விட்டிருந்த மேட்டைப் பிடித்தார். இப்படியோர் இடத்தை விட்டுவைத்த ஊர்க்காரர்களின் அறிவை நினைத்து நாங்கள் இருவரும் சிரித்தோம். மூன்றாம் வகுப்பில் இருந்த நான்தான் அவருடைய ஆலோசகன்.

கடை திறந்தோம். துடுப்போடு போனவர்கள் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை, பேசவில்லை. பொறுத்துப் பார்த்த அப்பா, கடைசியாக, தனியாளாகக் கட்டுமரம் தள்ளுகிற ஏழுமலையின் முதுகைப் பார்த்து ரயிலை நிறுத்துகிற குரலில் கூவினார்:

"அண்ணாத்த! எங்க போற? பீடி வாங்கிகினு போ!"

ஏழுமலை நின்றார். திரும்பவில்லை. மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து கடலுக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் எல்லாக் கட்டுமரங்களும் கரையேறின, அவருடையது தவிர. பொழுது சாயும்போது கரையில் நின்ற பெண்கள் கடலைப் பார்க்கவில்லை. எங்கள் கடையைப் பார்த்தார்கள். ஏழுமலையின் மனைவி கன்னியம்மா மேடேறி வந்தார். கூச்சல் போட்டிருந்தால் தேவலை; மெதுவாகத்தான் கேட்டார்.

"கடலுக்குப் போறவன முதுகுல கூப்ட்டா அவன் எப்டிண்ணே திரும்புவான்? இந்த வழில நாங்க கொழந்தயக்கூட அழ வுட மாட்டோம்."

"எனுக்குத் தெரியாதும்மா."

"கடலுக்கு அது தெரியுமா?"

மறுநாள் வெயில் ஏறியபின், நீரோட்டம் தெற்கே வெகுதூரம் இழுத்துப்போய்த் தள்ளிய ஏழுமலை, கரையோரமாக நடந்தே வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்தார்.

"இப்ப குடு பீடிய."

அப்பாவின் கையிலிருந்து கட்டு நழுவியது. ஏழுமலையே குனிந்து எடுத்தார்.

"கடைய அந்தாண்ட வை அண்ணாத்த, பொம்பளைங்க மீன் வித்துட்டு வர்ற வழில. அங்க தொண்ட கிழிய கூவு."

அன்றைக்கே தூக்கிப் போனோம். அந்த வழிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மேட்டையும் தடத்தையும் கடல் கொண்டுபோய்விட்டது. கருங்கல் கொட்டிய சரிவில் அலை ஏறி இறங்குகிறது. கல் முடிகிற இடத்து மணலில் ஒரு பையன் தனியாக மோட்டார் படகைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். "எங்க போறப்பா?" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, அவன் திரும்பி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.